டிக்கியில் ஒரு டிரம் கடல்

என் மகன் போனில் ஓயாமல் ஒரு வகை வீடியோ பார்க்கிறான். எங்கோ வெளிநாட்டில் தாடி வைத்த ஆட்கள் பழைய கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைவிடப் பழைய என்ஜின் ஒன்றை அதற்குள் இறக்கி, அது உறுமியதும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கொள்கிறார்கள். "இதெல்லாம் நம்ம ஊர்ல யாருக்கும் வராதும்மா" என்று அவன் ஒரு நாள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம் ஊரிலா வராது? இவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, இதே தூத்துக்குடியில், என் தாய்மாமா அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டார். அந்தத் தாடிக்காரர்களாவது ஒரு காரின் என்ஜினை இன்னொரு காருக்கு வைக்கிறார்கள். மாமா வைத்தது படகு என்ஜின்.

மாமா என் அம்மாவின் தம்பி. திரேஸ்புரம் கரையில் சொந்தமாக ஒரு வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்தார். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. காற்று எப்போது திரும்பும் என்று கேட்டாலும் சொல்வார். கப்பல் ஏன் மூழ்கவில்லை என்று கேட்டாலும் சொல்வார். எதுவும் கேட்காவிட்டாலும் சொல்வார். நான் அப்போது நான்காம் வகுப்பு. எனக்கும் அதே வியாதி இருந்ததால் எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

அப்படிப்பட்ட மாமாவுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தது. எங்கள் ஊரில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஒரு தலைமையாசிரியர். அவர்களும் எங்களைப் போலக் கடற்கரைக் குடும்பம்தான். ஆனால் அவருடைய தம்பி ஒரு நாள் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கரையில் இருக்க மனமில்லாமல் கொற்கைக்குக் குடிபோய்விட்டார். கொற்கை ஒரு காலத்தில் பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்ததாம். இப்போது கடல் விலகிப்போய், நெல்லும் வாழையும் விளைகிற கிராமம். "கடலே கைவிட்ட ஊராப் பாத்துல்லா போய் வீடு கட்டியிருக்காரு" என்று அப்பா சொல்வார்.

உறவுக்காரர் ஒருவர் மூலமாகப் பெண் கேட்டு ஆள் அனுப்பினோம். கடலுக்குப் போகிறவனுக்குத் தன் மகள் கிடையாது என்று பதில் வந்தது. கடலை விட்டுவிட்டேன் என்று மாமா திரும்பச் சொல்லி அனுப்பினார். அதற்குத் தலைமையாசிரியர் சொன்ன பதிலைத் தூது போனவர் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று அப்படியே ஒப்பித்தார்: "விட்டேன்னு இப்ப சொல்லுவான். பாடு நல்லா இருக்குன்னு நாலு பேரு வந்து சொன்னா, மறுநா வெள்ளனயே வள்ளத்துல ஏறிருவான். கடல்காரன எனக்குத் தெரியாதா?"

பாடு என்றால் எங்கள் பக்கத்தில் மீன் கிடைப்பது. அது நல்லா இருக்கிற மாதத்தில் கடற்கரையில் கால் தரையில் நிற்காது என்பது உண்மைதான். மாமாவும் அதற்கு முன்னால் இரண்டொரு முறை கடலை விட்டு, கடலும் அவரை விடாமல், திரும்பப் போனவர்தான்.

இந்த முறை மாமா வாயால் பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு கார் வாங்கினார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார். கரையில் சம்பாதிக்கிற மாப்பிள்ளை என்று காட்ட அதைவிட நல்ல அத்தாட்சி ஏது? வாங்கியது கான்டெசா. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காரைத் தெரியாது. நீளமான மூக்கு, அகன்ற தோள், முன்னால் நான்கு விளக்கு. தெருவில் வந்தால் ஆட்கள் தானாக ஒதுங்குவார்கள். எங்கள் மாமா வாங்கியதைப் பார்த்து ஒதுங்கியவை கோழிகள் மட்டும்தான். ஓர் உப்பள முதலாளி வீட்டு வேப்பமரத்தடியில் அது வெகு நாளாக நின்றுகொண்டிருந்தது. என்ஜினை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பெட்டைக் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

"ஏலே, என்ஜின் இல்லாத கார வச்சு என்னல செய்யப் போற?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ஜின் இல்லாத காருதாங்க்கா நமக்கு வேணும். எங்கிட்டதான் என்ஜின் இருக்குல்லா" என்றார் மாமா.

அந்த என்ஜின் காரைவிட வயதில் மூத்தது. பிறவியில் அது ஏதோ ஒரு வேனுக்குச் சொந்தமாக இருந்தது. வேன் ஆயுள் முடிந்து இரும்புக் கடைக்குப் போனபோது, மாமா என்ஜினை மட்டும் பிரித்து வாங்கி வள்ளத்தில் வைத்திருந்தார். தரையில் ஓடப் பிறந்து கடலில் பிழைத்த சாமான் அது. திரும்பவும் தரைக்கு வருவதில் அதற்கு என்ன கஷ்டம் என்பது மாமாவின் கட்சி. ஒரு மத்தியானம் வள்ளத்தை மணலில் மேலே இழுத்துப் போட்டு, என்ஜினைக் கழற்றி, மூங்கிலில் கட்டி ஆட்கள் சுமந்து வந்தார்கள். நான் முன்னால் நடந்து வழி விலக்கிக்கொண்டு வந்தேன். சப்பரத்துக்கு முன்னால் போகிற பெருமை எனக்கு. வெறும் வள்ளத்தை ஓலைத் தட்டியால் மூடிவிட்டு மாமா கடைசியாக வந்தார்.

அடுத்த சில வாரங்கள் மாமா லேத் பட்டறையே கதியென்று கிடந்தார். பட்டறை அண்ணாச்சி பொறுமைசாலி. காரின் கியர் பெட்டிக்கும் படகின் என்ஜினுக்கும் நடுவில் ஒரு தடித்த இரும்புத் தகட்டைக் கடைந்து, இரண்டையும் ஒன்றோடொன்று பேச வைத்தவர் அவர்தான். என்ஜின் உட்கார்ந்ததும் பானட் மூட மறுத்தது. பானட்டில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தார்கள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ வைக்க இடம் போதவில்லை. அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். வள்ளத்துக்குச் செய்வது போல, பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றார் மாமா. ஒரு தடவை கிளப்பப் போதும். கிளப்பிவிட்டால் வீடு வந்து சேரும்வரை நிறுத்தாமல் இருந்தால் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாம் என்று கொற்கையிலிருந்து ஒரு வழியாகச் செய்தி வந்தது. தலைமையாசிரியர் ஆளை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். வெள்ளிக்கிழமை மாமா காரைக் கிளப்பினார்.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வள்ளம் கரைக்கு வருகிறது என்று யாரும் வந்து சொல்ல வேண்டாம். என்ஜின் சத்தத்தை வைத்தே கண்டுகொள்வார்கள். நம் வீட்டு வள்ளம் என்று தெரிந்ததும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மீன் சட்டியோடு கிளம்புவார்கள். அன்று மாமா சைலன்சர் வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருந்ததால், அதே பழைய சத்தம், அதே இருமல், தெருமுனையிலிருந்து வந்தது. அம்மா பழக்க தோஷத்தில் அடுப்பை அணைத்துவிட்டு மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் மேற்கேயிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் நாலு விளக்கோடு ஒரு கார். அம்மாவின் முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

சிரிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. பீச் ரோட்டில் பாதி போவதற்குள் பானட் ஓட்டை வழியாகப் புகை கிளம்பியது. பட்டறை அண்ணாச்சி ஓடி வந்து முன்பக்கம் குனிந்து பார்த்தார்.

"ஏலே, ரேடியேட்டர் எங்க?"

"அது எதுக்கு அண்ணாச்சி?"

அண்ணாச்சி மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவுக்கும் மெல்ல மெல்ல விளங்கியது. வள்ளத்தில் ரேடியேட்டர் கிடையாது. அடியில் கடல் இருக்கிறது. ஒரு பம்பு கடல் தண்ணீரை உறிஞ்சி என்ஜினைச் சுற்றி விட்டு, பக்கவாட்டுக் குழாய் வழியாக வெளியே துப்பிவிடும். பிறந்ததிலிருந்து வள்ளம் பார்த்த மனிதர், நட்டு போல்ட்டு முதல் எல்லாவற்றையும் யோசித்தவர், காருக்கு அடியில் கடல் இருக்காது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கான்டெசாவோடு வந்த ரேடியேட்டரை 'இது என்னமோ சல்லடை' என்று இரும்புக் கடையில் தள்ளிவிட்டிருந்தார். அங்கே போய்க் கேட்டபோது அதை அவர்கள் உருக்க அனுப்பிவிட்டிருந்தார்கள். வேறு ரேடியேட்டருக்குத் திருநெல்வேலி வரை போக வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள்.

அப்பா துறைமுகத்தில் அலுவலக வேலை பார்த்தவர். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிற கட்சி. "மாப்ள, பேசாம டவுன் பஸ்ல போவோம்" என்றார்.

"பஸ்ல போய் இறங்கினா, கடல விட்டுட்டு என்னத்தல செய்யுதன்னு கேப்பாரு. நான் என்ன சொல்ல அத்தான்?" என்றார் மாமா. பிறகு சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தொடையில் தட்டினார். "காருக்கு அடியில கடல் இல்ல, அவ்வளவுதான? கடல டிக்கியில வச்சுக் கொண்டு போயிருவோம்!"

கொண்டுபோனோம். ஒரு பெரிய நீல நிற பிளாஸ்டிக் டிரம்மை டிக்கியில் படுக்க வைத்து, டிக்கியின் மூடி மூடாததால் வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். டிரம்மிலிருந்து என்ஜினுக்கு ஒரு ஹோஸ் குழாய். என்ஜினைச் சுற்றி வந்த தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகக் காரின் இடது பக்கம், பின் கதவுக்குக் கீழே, வெளியே விழும். தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடாமல் இருக்க நடுவில் ஒரு வால்வு வைத்து, விரல் தடிமனுக்கு மட்டும் திறந்துவிட்டார் மாமா. டிரம்மை நிறைக்க அம்மாவிடம் நல்ல தண்ணீர் கேட்டார்கள். குடத்தோடு குழாயடியில் சண்டை போட்டுப் பிடிக்கிற தண்ணீரை ஒரு காருக்குக் கொடுக்க அம்மா என்ன பைத்தியமா? கடலிலிருந்தே வாளி வாளியாகக் கொண்டுவந்து நிறைத்தார்கள். இந்த என்ஜினுக்கு உப்புத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும் என்று மாமா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து புறப்பட்டோம். மாமா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அப்பா முன் ஸீட்டில் கைக்குட்டையை இறுகப் பிடித்தபடி. அம்மா பின்னால், ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் பெண் வீட்டுக்கு வாங்கிய மக்ரூன் டப்பா. இடது ஜன்னல் எனக்கு. ஏனென்றால் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. வள்ளத்தில் பக்கவாட்டில் தண்ணீர் கொட்டுகிறதா என்று ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். கொட்டுகிறவரை என்ஜின் நலம், நின்றால் ஆபத்து. அந்த வேலை என்னிடம் வந்தது.

"மருமவளே, தண்ணி வருதா?"

"வருது மாமா!"

டிரம்மின் கனத்தில் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கி, எங்கள் கான்டெசா தூத்துக்குடியை விட்டு வெளியேறியது. காருக்கே நான்தான் தலைவி என்ற நினைப்பு எனக்கு. கேள்வி வர ஒரு நிமிடம் தாமதமானாலும் நானாகவே கத்துவேன். சூடான தண்ணீர் சாலையோரமாகச் சீறிக்கொண்டு வந்தது. சைக்கிளில் போன ஒருவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார். பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னலில் தலையை விட்டு, "அண்ணாச்சி, வண்டிக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்கி, எங்கனயாவது நிறுத்துங்க!" என்று கத்தினார். மாமா அவருக்கு ராஜா போலக் கையை ஆட்டினார். உப்பளங்கள் தாண்டி, பழையகாயல் தாண்டிப் போனோம்.

முக்காணி பக்கம் வந்தபோது தண்ணீர் மெலிந்து நூலாகிவிட்டது. நான் போட்ட கூச்சலில் அப்பா கைக்குட்டையை ஜன்னலுக்கு வெளியே நழுவ விட்டார். வாய்க்கால் ஓரம் காரை நிறுத்தினோம், என்ஜினை நிறுத்தவில்லை. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி வாளியில் மொண்டு கொடுக்க, அப்பா வாங்கி ஊற்றினார். இரண்டு பேர் சட்டையிலும் சேறு. பெண் வீட்டுக்குப் போகிற கோலமா இது என்று அம்மா தன் முந்தானையை நனைத்து மாமாவின் சட்டையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ஜினப் பத்தி மட்டும் அங்கன மூச்சு விட்டுராதல. வள்ளத்து என்ஜின்னு தெரிஞ்சா, கடலயும் கூட்டிக்கிட்டு வந்திருக்கான்னு சொல்லி வாசல்லயே அனுப்பிருவாரு" என்று சொன்னாள். எனக்கும் தனியாக ஒரு முறைப்பு கிடைத்தது.

தலைமையாசிரியர் வீட்டுக்கு முன்னால் கார் போய் நின்றது. நின்றது என்றால் உருளுவதை நிறுத்தியது. பேட்டரியை நம்பி என்ஜினை அணைக்க முடியாது. அணைத்துவிட்டால், பெண் வீட்டார் பார்க்க மாப்பிள்ளை காரைத் தள்ள வேண்டியிருக்கும். அதனால் அது நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு, பெருக்கித் தெளித்த அந்த வாசலில் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் படியில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி. எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். பார்வை மட்டும் காரை விட்டு வரவில்லை.

"வண்டிய அமத்தலியா தம்பி?"

"ஓடட்டும் சார். புது வண்டி. ஓட ஓடத்தான் பதமாவும்" என்றார் மாமா.

உள்ளே போய் உட்கார்ந்தோம். பெண் காப்பி கொண்டுவந்தாள். தட்டில் இருந்த டம்ளர்கள் வெளியே ஓடுகிற என்ஜினோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடின. அவர் ஏதோ கேட்டார். சத்தத்தில் மாமாவுக்குக் கேட்கவில்லை. "ஆமா சார், நல்ல மைலேஜ்" என்றார். அவர் கேட்டது எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று. பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் எழுந்து வெளியே நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம்.

அவர் காரின் இடது பக்கம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார். விழுகிற தண்ணீரில் கையை நீட்டினார். அங்கே உட்கார்ந்தபடியே என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எத்தனை வருடம் வாழைக்கு நடுவில் இருந்தாலும் அவர் கடற்கரையில் பிறந்தவர்.

"போட்டு என்ஜின்லா இது" என்றார்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற மாமா பதில் இல்லாமல் நின்றதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா "மாதாவே" என்று முனகினாள். அப்பா, "இது சும்மா, தற்காலிகமா..." என்று ஆரம்பித்தார். தலைமையாசிரியர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"யாரு போட்டுல கிடந்தது?"

"எங்க வள்ளத்துலதான் சார்."

"வள்ளம் இப்ப எங்க?"

"கரையில கிடக்கு."

"அதுக்கு வேற என்ஜின் வாங்கிட்டியா?"

"இல்ல சார். இருந்தது இது ஒண்ணுதான்."

அவர் எழுந்து நின்றார். "இந்த மாசம் பாடு ரொம்ப நல்லா இருக்காமே. சீலா மீன அள்ளுதாவளாம்லா?"

"ஆமா சார்" என்றார் மாமா. "அள்ளத்தான் செய்யுதாவ."

தலைமையாசிரியர் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். என்ஜின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அவர் மாமாவைப் பார்க்காமலே சொன்னார்: "தண்ணி வாசல்ல வீணாப் போவுது. வண்டியக் கொஞ்சம் பின்னால எடு. வாழைக்குப் பாயட்டும்."

மாமா ஏறி ரிவர்ஸ் போட்டார். அந்தப் பெண் வீட்டுப் பக்கவாட்டிலிருந்து ஓடி வந்து, "பின்னால சுவரு இருக்கு, பாத்து!" என்றாள். அவர்கள் இருவரும் எங்கள் முன்னால் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். உள்ளே திரும்பி வந்ததும் தலைமையாசிரியர் அம்மாவிடம், "கோயில்ல ஓலை வாசிக்கிறதுக்கு சாமியார்ட்ட எப்ப சொல்லலாம்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். கல்யாண அறிவிப்பைப் பூசையில் வாசிக்கச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. அம்மா அழுதுவிட்டாள். அப்பா கைக்குட்டையைத் தேடினார். அது முக்காணி வாய்க்காலில் கிடந்தது.

எங்கள் கார் தண்ணீர் பாய்ச்சிய வாழைக்குப் பதிலாகத்தான் அவர் பெண் கொடுத்தார் என்று நான் வெகு காலம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்ஜின் இல்லாத வள்ளம் கரையில் கிடக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அந்தக் கல்யாணம் நடந்தது. கான்டெசாவுக்கு ரேடியேட்டர் வந்தது, டைனமோ வந்தது, சைலன்சர் கூட வந்தது. அது இந்த ஜில்லாவில் எத்தனையோ மணப்பெண்களைக் கோயிலுக்குக் கொண்டுபோயிற்று. மாமா இன்று பல வண்டிகள் ஓடுகிற டிராவல்ஸ் வைத்திருக்கிறார். மாமி டீச்சராக இருந்து ஓய்வு பெறப்போகிறாள். ரேடியேட்டரை மறந்த கதையை மாமா சொல்லும்போது மறந்தவர் பட்டறை அண்ணாச்சியாக மாறிவிடுவார். கடலுக்கு மட்டும் அவர் அதற்குப் பிறகு போகவேயில்லை.

அன்று திரும்பி வந்த வழியை அவர் யாரிடமும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

கொற்கையில் தலைமையாசிரியரின் பம்புசெட்டிலேயே டிரம்மை நிறைத்துக்கொண்டோம். அம்மாவுக்குப் பயம் தெளியாததால் வழியில் இரண்டு வாய்க்காலில் மறுபடியும் நிறைத்தோம். ஊருக்குள் நுழையும்போது வெயில் தாழ்ந்திருந்தது. காருக்குள் எல்லோருக்கும் வாய் ஓயவில்லை. அப்பா கூட ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். வீட்டுக்கு இன்னும் ஒரு தெருதான். அப்போது மாமா கடற்கரைப் பக்கம் காரைத் திருப்பி, மணலுக்கு முன்னால் நிறுத்தினார்.

"கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வாறேன்" என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

என் பொறுப்பு எனக்கு. நான் இறங்கிப்போய் டிரம்மைத் தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. "மாமா! டிரம்ல தண்ணி கிடக்கு!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எல்லா வள்ளங்களும் கரையில் இருந்தன. மறுநாள் கடலுக்குப் போகிறவர்கள் டீசல் கேன்களையும் வலைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவரைப் பார்த்து, "என்னல மாப்ள, பொண்ணு கிடைச்சிட்டா?" என்று கேட்டார்கள். மாமா வாளியைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நேராகத் தன் வள்ளத்திடம் போய், ஓலைத் தட்டியை விலக்கி, என்ஜின் இருந்த குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வள்ளத்தின் விளிம்பில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"மாப்ளய கூப்பிடட்டுமா?" என்றார் அப்பா.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றாள் அம்மா. இத்தனை சந்தோஷமான நாளில் அவள் மறுபடியும் எதற்கு முந்தானையைத் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பசித்தது. பக்கவாட்டுத் தண்ணீர் வேறு மணலில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வழியாக மாமா எழுந்து, தட்டியைப் பழையபடி இழுத்து மூடி, அதன் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு நடந்து வந்தார். வாளியை வாங்கிப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை; வாளி நனையக்கூட இல்லை. "தண்ணி எங்க மாமா?" என்றேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய கடல் பக்கத்தில் இருந்தும் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வரத் துப்பில்லாத ஆளுக்குப் போய்ப் பெண் கொடுத்திருக்கிறாரே அந்த மனிதர் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.